பழுது பார்த்தல்

கோவையை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடுவை 'இந்தியாவின் எடிசன்' எனப் போற்றுவது மரபாகிவிட்டது. அப்பட்டம் அவருடைய தொடக்கத்தை மறைத்துவிடுகிறது. இளமையில் ஆங்கிலேய அலுவலர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தவர், உணவுவிடுதியில் பரிமாறிப் பணம் சேர்த்து அதை வாங்கினார், பிரித்துப் போட்டார், மீண்டும் பூட்டினார். பள்ளியில் நிலைக்காத அவருக்கு அதுவே பாடநூல். 1920இல் பொள்ளாச்சி–பழனித் தடத்தில் பேருந்து விட்டதும், 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் மின்மோட்டார் உருவாக்கியதும் அதற்குப் பின்னரே.

அத்தகைய வேலையைத் தமிழ் 'பழுது பார்த்தல்' என்கிறது. நீக்குவதற்கு முன்னே பார்க்க வேண்டும். கொங்குநாட்டு வைண்டிங் பட்டறையில் அச்சொல்லின் முழுப்பொருளும் விளங்கும். (ஏரைப் பாடிய அளவுக்குக் கவிஞர் பட்டறையைப் பாடவில்லை என்பது குறையே.) கிணற்று மோட்டாரின் சுருள் கருகி வந்தால் தொழிலாளி அதை உடனே அறுத்தெறிவதில்லை. கம்பியின் பருமனை அளக்கிறார். சுருளுக்கு எத்தனை சுற்று என்று எண்ணிக் குறிக்கிறார். சுற்றுக் குறைந்தால் மின்னோட்டம் மிகும். புதுச்செம்பும் சூடேறிக் கருகும். எண்ணிய பிறகே காடிகளைத் துடைத்துக் காப்புத்தாள் செருகி, கம்பி சுற்றி, வார்னிஷ் ஊட்டி உலர்த்துகிறார். பருத்திநூல் உறையிட்ட பழங்கம்பி இருந்த இடத்தில் வெப்பம் தாங்கும் எனாமல் கம்பி ஏறும்போது, அந்த மோட்டார் பிறந்தநாளில் இருந்ததைவிடச் செம்மையாகக் கிணற்றடிக்குத் திரும்புகிறது.