வளையமும் வாசனையும்

சேதன இரசாயனம் கற்கும் நம் மாணவர் வளையச் சேர்வைகளின் பெயர்களை மனனஞ் செய்கின்றனர். அவற்றின் பொருளை வினவுவோர் சிலரே.

அணுக்கள் சங்கிலியாய் நீண்டு, இரு முனையும் கூடினால் அது வளையம். அவ்வணுக்கள் யாவும் காபனாயின் ஓரின வளையம், பென்சீன் அத்தகையது. நைதரசன், ஒட்சிசன் போன்ற வேற்றணு இடையே அமையின் பல்லின வளையம். பிரிடீன் வளையத்தில் ஐந்து காபனும் ஒரு நைதரசனும் உள. இப்பெயர்கள் தம் பொருளைத் தாமே உரைக்கின்றன.

"அரோமற்றிக்கு" என்பதோ மயங்கவைக்குஞ் சொல். அதன் கிரேக்க வேர் நறுமணப் பொருளைக் குறிப்பது. நம் கறுவாப்பட்டைக்கு மணந்தரும் சின்னமல்டிகைட்டிலும் பென்சீன் வளையம் உண்டு. ஆயினும், 1865இல் கெக்குலே பென்சீனுக்கு வளைய அமைப்பைக் கூறியபின், அச்சொல்லின் பொருள் படிப்படியாக மாறிற்று. வளையம் முழுதும் பரவி அதற்கு உறுதியளிக்கும் இலத்திரன் அமைப்பையே இன்று அது சுட்டுகிறது, மணத்தையன்று.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்வோர் கறுவாத்தோட்டத்தை அறிவர். கறுவா விளைந்த காலம் போயிற்று, பெயர் நின்றது. இச்சொல்லும் அவ்வாறே.

பெயரை நம்பிப் பென்சீனை முகர்தல் ஆகாது. அதன் ஆவி குருதிப் புற்றுநோயை விளைக்கவல்லது. ஆதலின், ஆசிரியர்களே, சொல்லின் பிறப்பையும் இன்றைய வழக்கையும் ஒருங்கே கற்பியுங்கள்.