ஆய்வு மேலாண்மையும் தோட்டத்துத் தமிழும்



ஆய்வு மேலாண்மை என்றதும் நம் மாணவர்க்கு உயர்ந்த கட்டடங்களும் கண்ணாடி அறைகளும் நினைவுக்கு வரும். தோட்டம் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் இந்நாட்டில் அத்துறை வளர்ந்ததே ரப்பர் மரத்தடியில்தான். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டு டான் சாய் யான் வணிக நோக்கில் ரப்பர் நட்டார். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் அமைந்தது. அதன் செலவைத் தாங்கியது ரப்பர் ஏற்றுமதிமீது பெறப்பட்ட தீர்வை. அந்த ஏற்றுமதிக்குப் பால் வெட்டியவர்களுள் மிகப் பலர் தமிழர். ஆகவே அவ்வாய்வுக்கூடத்தில் நம் முன்னோரின் உழைப்புக்கும் பங்குண்டு என்பது எம் துணிபு.

அக்கழகத்தின் முதல் ஆசிய இயக்குநராக 1966இல் பொறுப்பேற்றவர் பி. சி. சேகர். சுங்கை பூலோவை அடுத்த தோட்டமொன்றில் 1929இல் பிறந்தவர், மலையாளக் குடும்பத்தவர். வேதியியலாளராக நுழைந்து தலைமைக்கு உயர்ந்தவர். அவருடைய வளர்ச்சியில் மாணவர் நுணுகிக் காண வேண்டியது பதவிகளின் வரிசையை அன்று. அவர் கையிலெடுத்த வினாவை.

அக்காலத்தில் ரப்பர்த் தாளின் தரத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்தனர். செயற்கை ரப்பரோ அளந்து சான்றளிக்கப்பட்ட தரத்தோடு சந்தைக்கு வந்தது. இயற்கை ரப்பர் வீழ்ந்தால் தோட்டமும் வீழும். இந்நிலையில் 1965இல் வந்ததே மலேசியத் தர ரப்பர்த் திட்டம். அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று அளந்து, கட்டியாக்கி, தரச்சான்றுடன் விற்கும் முறை அது. அதனை நிலைநிறுத்த வேதியியல் மட்டும் போதாது. ஆலையாரை இணங்கச் செய்யவும், வெளிநாட்டு டயர் நிறுவனங்களின் ஐயம் நீக்கவும், சிறு தோட்டக்காரரின் கட்டிப்பாலுக்கும் அதில் இடம் காணவும் வேண்டியிருந்தது. ஆய்வு மேலாண்மை என்பது இதுவே. சேகருக்கு 1973இல் மகசாய்சாய் விருது கிடைத்தது.

இளையோர் சிலர் ஆய்வை விரைவில் கைவிட்டு நிருவாக நாற்காலிக்கு முந்துகின்றனர். யாம் இதனை ஏற்பதில்லை. ஒரு துறையில் கை பழகாதவர், பிறர் ஆய்வில் எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று எவ்வாறு தீர்ப்பார்? நிறுத்தச் சொல்வதுதான் இப்பணியில் கடினமானது.

மொழியியலாளர்க்கு இதில் என்ன வேலை என்பீர்கள். மங்கு, ஒட்டுப்பால், கட்டிப்பால் ஆகியவை வெறும் வட்டாரச் சொற்கள் அல்ல. ஒட்டுப்பால் வெட்டுக்கோட்டில் உறைந்தது; கட்டிப்பால் மங்கில் உறைந்தது. பட்டறிவு தந்த வகைப்பாடு இது. ஆய்வுக்கூடத்து முடிவைத் தோட்டத்துக்கும், தோட்டத்து ஐயத்தை ஆய்வுக்கூடத்துக்கும் கொண்டு செல்பவர்க்கு இச்சொற்கள் கருவிகள்.

ஜாசினிலும் அலோர் காஜாவிலும் ரப்பர் நின்ற நிலங்கள் பல இன்று செம்பனைக்கு மாறிவிட்டன. பிள்ளைகள் நகரங்களில் வளர்கின்றனர். ஆசிரியர்கள் வரும் பள்ளி விடுமுறையில் மாணவரைத் தம் பாட்டிமாரிடம் அனுப்புக. ஒவ்வொரு தொழிற்சொல்லுக்கும் பொருள், பயன்பட்ட இடம், சொன்னவரின் தோட்டம் மூன்றையும் எழுதி வரட்டும். வேலையைப் பகிர்தல், காலவரை வகுத்தல், முரண்பட்ட விடைகளை ஒப்பிடல் ஆகியவற்றை மாணவரே பார்த்துக்கொள்ளட்டும். அறிக்கையை அவர்களே தமிழிலும் மலாயிலும் எழுதட்டும்.