வாசனை இல்லாத வாயு



இன்றைக்குப் பிள்ளைப்பேறு பற்றியோ தடுப்பூசி பற்றியோ பேசப் போவதில்லை. பிரிட்ஜிலும் ஏசியிலும் இருக்கிற கேஸைப் பற்றிப் பேசப் போகிறேன். "ஏனுங்க, அதுக்கும் குடும்ப நலத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். ஏசி மெக்கானிக் வேலைக்குப் போகிறவர் சிலிண்டரை வீட்டுக்குள்ளேதான் வைக்கிறார். பழைய பிரிட்ஜை வாங்கிச் செம்புக் குழாய் எடுக்கிறவர் வாசலிலேயே உட்கார்ந்து அறுக்கிறார். பக்கத்தில் குழந்தை விளையாடுகிறது. அதுதான் சம்பந்தம்.

இது புளோரின் சேர்ந்த வாயு. நமக்கு அந்நியமில்லை, பக்கத்து மேட்டூரில் கெம்பிளாஸ்ட் ஆலையிலேயே இந்த வகை வாயுவைத் தயாரித்தார்கள். பழைய பிரிட்ஜில் இருப்பது ஆர்-12. ஓசோன் படலத்தை அரிக்கிறதென்று, பிரிட்ஜுக்காக அதைத் தயாரிப்பதை 2008 ஆகஸ்டில் நம் நாட்டில் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பழைய பெட்டிகள் இன்னமும் காயலான் கடைக்கு வரக்கூடும். ஏசியில் ஆர்-22, ஆர்-32 என்று இருக்கும். பெட்டியில் ஒட்டியுள்ள சீட்டைப் பார்த்தால் பெயர் தெரியும்.

உங்களைப் பயமுறுத்த வரவில்லை. வீட்டு பிரிட்ஜில் இருப்பது நூறு கிராம் சுமாருக்குத்தான். கசிந்தால் அடுப்பை அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்தால் போதும். சிலிண்டர் கதை வேறு. அதில் பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். திருட்டுப் போகாமல் இருக்கட்டும் என்று அதைக் கட்டிலுக்கு அடியில் வைக்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆர்-22 காற்றைவிட மூன்று மடங்கு கனம். மூடிய அறையில் வால்வு கசிந்தால், கிணற்றில் தண்ணீர் ஊறுகிற மாதிரி தரையிலிருந்து மேலே ஏறும். பாயில் படுத்திருக்கிற குழந்தைக்குத்தான் முதலில் மூச்சுத் திணறும். சமையல் கேஸில் வேண்டுமென்றே நாற்றம் சேர்க்கிறார்கள். இதில் தூங்குகிறவரை எழுப்புகிற வாசனை கிடையாது.

இன்னொன்று, நிறைய சுவாசித்தவருக்கு நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகிவிடும். அந்த நேரத்தில் ஓடினாலும் பதறினாலும் இதயம் நின்றுவிடக்கூடும். எனவே அவரை நடக்க விடாதீர்கள், தூக்கி வந்து காற்றோட்டத்தில் படுக்க வையுங்கள். ஆனால் கேஸ் நிரம்பிய அறைக்குள்ளோ தொட்டிக்குள்ளோ மூச்சைப் பிடித்துக்கொண்டு குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் அங்கேயே விழுந்துவிடுவார். முதலில் கதவைத் திறந்து காற்று போக விடுங்கள், 108-க்குச் சொல்லுங்கள்.

நெருப்புப் பட்டால் இதே வாயு விஷமாகிறது. குழாயில் கேஸ் மிச்சம் இருக்கும்போது வெல்டிங் சுடர் வைத்தால் ஹைட்ரஜன் புளோரைடு உண்டாகும். ஆர்-12, ஆர்-22 என்றால் முதல் உலகப் போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய பாஸ்ஜீனும் சேரும். தென்கொரியாவின் குமி நகரில் 2012 செப்டம்பரில் ஓர் ஆலையிலிருந்து ஹைட்ரஜன் புளோரைடு டன் கணக்கில் கசிந்தது. ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். சுற்றுப்புறத்துப் பயிர் கருகியது, ஆடு மாடுகளும் பாதிக்கப்பட்டன. வாசலில் உண்டாவது கொஞ்சம்தான், ஆனால் குனிந்து அறுக்கிறவர் மூக்குக்கு நேரே உண்டாகிறது. பாஸ்ஜீன் பட்டவர் "ஒண்ணுமில்லை, லேசான இருமல்" என்று சாப்பிட்டுப் படுப்பார். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அம்மணி, அவர் சொல்கிறதைக் கேட்காதீர்கள். எடப்பாடி அரசு மருத்துவமனைக்கு அன்றைக்கே கூட்டிப் போங்கள். எந்தக் கேஸ் என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சில ஊசிகள் இந்த நிலையில் இதயத்துக்கு ஆகாது.

புது பிரிட்ஜில் ஆர்-600ஏ என்று போட்டிருந்தால் அது புளோரின் வாயு அல்ல, தீப்பிடிக்கிற வாயு. அதன் பக்கத்தில் சுடரே கூடாது.

திரவமாகப் பீய்ச்சிக் கையில் பட்டால் தோல் உறைந்து வெளுக்கும். தேய்க்காமல் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பழைய பெட்டியை அறுக்கும் முன்பு, கேஸை இழுத்தெடுக்கும் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்து வாங்குங்கள். கட்டிலுக்கடியில் இருக்கிற சிலிண்டரை இன்றைக்கே வெளியே எடுத்து, வெயில் படாத தாழ்வாரத்தில் நிமிர்த்தி வையுங்கள். திருட்டுப் பயம் இருந்தால் சங்கிலி போட்டுப் பூட்டிக்கொள்ளலாம்.