புலியோடு ஒரே படகில்



பட்டம் பெறும் ஒவ்வொருவரையும் மனதார வாழ்த்துகிறேன். இந்த நாளில் உங்களிடம் ஒரு நாவலைப் பற்றிப் பேச விரும்புகிறேன். யான் மார்ட்டெல் என்ற கனடா எழுத்தாளரின் 'லைஃப் ஆஃப் பை'. 2001-இல் வெளிவந்து, மறு ஆண்டே புக்கர் பரிசு பெற்றது. 2012-இல் ஆங் லீ எடுத்த படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். நாவலையும் தேடிப் படியுங்கள். படிப்பை முடித்து வெளியே போகிறவர்களுக்கு அதில் நிறைய இருக்கிறது.

கதை புதுச்சேரியில் தொடங்குகிறது. மிருகக்காட்சிசாலை நடத்தும் பட்டேல் குடும்பம், நெருக்கடி நிலைக் காலத்தில் மனம் வெறுத்து, கனடாவுக்குக் குடிபெயர முடிவு செய்கிறது. 1977 ஜூன் மாதம் அவர்களையும் விலங்குகளையும் ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட ஜப்பானியச் சரக்குக் கப்பல் பசிபிக் கடலில் மூழ்கிப் போகிறது. தாய், தந்தை, அண்ணன் மூவரையும் இழந்த பை என்ற 16 வயதுப் பையன், 26 அடி நீளமுள்ள உயிர்காப்புப் படகு ஒன்றில் ஏறித் தப்புகிறான். அதே படகில் கால் ஒடிந்த வரிக்குதிரை, கழுதைப்புலி, ஒராங்குட்டான், இவற்றோடு ரிச்சர்ட் பார்க்கர் என்ற பெயருடைய வங்கப் புலி. சில நாட்களில் பையனும் புலியும் மட்டுமே மிஞ்சுகிறார்கள். 227 நாட்களுக்குப் பிறகு படகு மெக்சிகோ கரையில் ஒதுங்குகிறது.

எப்படிப் பிழைத்தான்? முதலில், கற்ற கல்வியால் பிழைத்தான். கப்பல் கவிழும் கட்டத்துக்கு விரைந்து போய்விடும் வாசகர்கள் முதல் பகுதியை வேகமாகப் புரட்டிவிடுவதுண்டு. ஆனால் படகில் நடக்கும் அத்தனைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. புலி எவ்வளவு ஆபத்தானது என்று மகன்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, பட்டினி போட்டிருந்த புலியின் கூண்டுக்குள் ஓர் ஆட்டை விட்டு, அவர்கள் கண்ணெதிரிலேயே நடப்பதைக் காட்டுகிறார் தந்தை. கொடுமையான பாடம். ஆனால் புலியைச் செல்லப்பிராணியாக நினைக்கும் மயக்கம் அன்றோடு போய்விடுகிறது. விலங்குக்குத் தேவை உணவு, நீர், தனக்கென்று ஓர் எல்லை என்பதும், மனிதனைப் போல் அது வன்மம் வைத்துக்கொள்வதில்லை என்பதும் அந்தப் பையனுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும்.

நடுக்கடலில் இந்த அறிவு வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். அலைகள் பக்கவாட்டில் மோதும்படி படகைத் திருப்பி ஆட விடுகிறான். புலிக்குக் குமட்டல் வருகிறது. அதே நேரத்தில் விசிலை ஓங்கி ஊதுகிறான். திரும்பத் திரும்பச் செய்கிறான். விசில் சத்தம் கேட்டாலே வயிற்றைப் புரட்டும் என்று புலி பழகிப்போகிறது. அதன்பின் அந்தச் சின்ன விசில் புலியை அதன் எல்லைக்குள் நிறுத்துகிறது. பயம் அவனை விட்டுப் போகவில்லை. பயந்துகொண்டே, தெரிந்ததைச் செய்கிறான். நீங்கள் படித்தது எந்தத் துறையாக இருந்தாலும், அது உங்களிடம் கேட்கப்போவதும் இதைத்தான்.

அடுத்தது இறை நம்பிக்கை. பை இந்துவாகப் பிறந்தவன். மூணாறில் ஒரு பாதிரியாரைச் சந்தித்துக் கிறிஸ்துவிடம் ஈர்க்கப்படுகிறான். புதுச்சேரியில் ரொட்டி சுடும் ஒரு சூஃபியைப் பார்த்துத் தொழுகையும் கற்கிறான். ஒருநாள் கடற்கரைச் சாலையில் பண்டிதர், பாதிரியார், இமாம் மூவரும் குடும்பத்தின் எதிரே ஒரே நேரத்தில் வந்து நின்று, பையன் யாருக்குச் சொந்தம் என்று வாதிடுகிறார்கள். தான் கடவுளை நேசிக்கத்தானே விரும்புகிறேன் என்கிறான் அவன். இந்த மூன்று வழிகளையும் அவன் கடலுக்குக் கொண்டுபோகிறான். விக்கிரகம் இல்லாமல் தரிசனம், ஆமை இறைச்சியைப் பிரசாதமாக வைத்துப் பூசை, குருவானவர் இல்லாத திருப்பலி, மக்கா எந்தத் திசை என்று தெரியாமலே தொழுகை. சைவமாக வளர்ந்தவன் முதன்முதலாக ஒரு கோலா மீனைக் கொல்ல நேர்ந்தபோது அழுது தீர்க்கிறான். அந்த மீனுக்காகப் பிரார்த்தனை செய்வதைப் பின்னர் ஒருநாளும் அவன் மறக்கவில்லை.

அந்தப் பிரார்த்தனைகள் அவனுடைய அன்றாட வேலைகளுக்கு நடுவில் வருகின்றன. காலையில் எழுந்தவுடன் பிரார்த்தனை, பிறகு படகையும் மிதவையையும் சோதித்தல், வெயிலின் சூட்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் கருவிகளைச் சரிபார்த்தல், மீன் பிடித்தல், புலிக்கு உணவும் நீரும் தருதல், நாட்குறிப்பு எழுதுதல், மறுபடி பிரார்த்தனை. இது எழுத்தாளரின் வெறும் கற்பனை என்று நினைக்காதீர்கள். ஸ்டீவன் காலஹன் என்ற அமெரிக்கர், 1982-இல் தன் பாய்மரப் படகு மூழ்கியபின் அட்லாண்டிக் கடலில் ரப்பர் மிதவையொன்றில் 76 நாட்கள் தனியாகத் தாக்குப்பிடித்தவர். அவரைக் காப்பாற்றியதும் இதே போன்ற வேலைகள்தான்: குடிநீர்க் கருவிகளைப் பழுதுபார்ப்பது, ஈட்டியால் மீன் குத்துவது, பென்சில்களைக் கட்டி ஒரு கருவி செய்து தான் இருக்கும் இடத்தைக் கணிப்பது. ஆங் லீ தன் படத்துக்கு அவரையே ஆலோசகராக வைத்துக்கொண்டார்.

மூன்றாவதுதான் என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது. புலியை ஒழித்துக்கட்ட பை ஆறு திட்டங்கள் போடுகிறான். தள்ளிவிடலாமா, மருந்து செலுத்திக் கொல்லலாமா, பட்டினி போட்டே சாகடிக்கலாமா என்றெல்லாம் யோசிக்கிறான். ஒன்றும் தேறாது என்று தெரிந்ததும் ஏழாவது திட்டத்துக்கு வருகிறான்: புலியை உயிரோடு வைத்திருப்பது. புலி செத்துவிட்டால் தன்னோடு மிஞ்சுவது விரக்தி மட்டுமே, அது புலியைவிடக் கொடியது என்று அவனுக்குப் புரிகிறது. அன்று முதல் அவன் பிடிக்கும் மீன் அவனுக்காக மட்டும் அல்ல. இன்னோர் உயிரின் பசிக்கு அவன் பொறுப்பாளி. அந்தப் பொறுப்புதான் அவனை ஒவ்வொரு காலையும் எழுப்பிவிடுகிறது.

நாளை வேலை கிடைக்கத் தாமதமாகலாம், கிடைத்த வேலை கசக்கலாம், ஊர் விட்டு ஊர் போய்த் தனியறையில் வாடலாம். அப்படிப்பட்ட நாட்களில் 'நான் என்ன ஆவேன்' என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். உங்களை நம்பி யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். வயதான பாட்டி, படிக்கும் தம்பி தங்கை, வகுப்பில் பின்தங்கிய ஒரு மாணவன், வார்டில் துணைக்கு ஆளில்லாத ஒரு நோயாளி. ஓர் உயிரையாவது உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாவலின் கடைசிப் பகுதி நம்மை உலுக்குகிறது. கப்பல் ஏன் மூழ்கியது என்று விசாரிக்க ஜப்பானிய அதிகாரிகள் இருவர் மருத்துவமனைக்கு வருகிறார்கள். புலிக்கதையை அவர்கள் நம்பவில்லை. பை வேறொரு கதை சொல்கிறான். அதில் விலங்குகள் கிடையாது. தாய், காயம்பட்ட மாலுமி, கொலைகாரச் சமையற்காரன், பை. மனிதர் மனிதரைக் கொல்லும் கதை அது. புலிக்கு ரிச்சர்ட் பார்க்கர் என்ற பெயரை மார்ட்டெல் தெரிந்தேதான் வைத்தார். 1884-இல் மிக்னொனெட் என்ற ஆங்கிலேயக் கப்பல் மூழ்கியபின், பசி தாங்காமல் சக மாலுமிகள் கொன்று தின்ற 17 வயதுப் பையனின் பெயர் அது. உயிர் பிழைக்க வேறு வழியில்லை என்பது கொலைக்கு நியாயமாகாது என்று ஆங்கிலேய நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு. சட்டம் படித்தவர்கள் அதை அறிவீர்கள்.

எது சிறந்த கதை என்று அதிகாரிகளைக் கேட்கிறான் பை. புலி வரும் கதை என்கிறார்கள். நான் உங்கள் கவனத்தைத் திருப்ப விரும்புவது அந்த அதிகாரிகள் பக்கம். பசியோடு இருந்த பையனுக்குத் தங்கள் பிஸ்கட்டைக் கொடுத்தார்கள். நம்ப முடியாததையும் கடைசிவரை காதுகொடுத்துக் கேட்டார்கள். இறுதி அறிக்கையில் புலியையும் குறிப்பிட்டார்கள். நீங்கள் நாளை மருத்துவராக, வழக்கறிஞராக, செய்தியாளராக, அதிகாரியாக எதிரில் மனு ஏந்தி நிற்பவரைப் பார்ப்பீர்கள். இழப்பின் ஆழத்திலிருந்து வருகிறவர்கள் நேராகப் பேச மாட்டார்கள். குறுக்கிடாமல் கேளுங்கள். அதன்பின் எழுதுங்கள்.

கரை சேர்ந்த பை என்ன செய்தான் தெரியுமா? பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். டொராண்டோவில் சமயம், விலங்கியல் இரண்டையும் படித்தான். ஒரு பக்கம் ஐசக் லூரியா என்ற யூத ஞானியின் படைப்புக் கோட்பாடு, இன்னொரு பக்கம் மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கி வாழும் ஸ்லாத் விலங்கின் தைராய்டு சுரப்பி. அறிவியலா, ஆன்மிகமா என்று அவனை யாரும் பங்கு போட முடியவில்லை. உங்களையும் யாரும் அப்படிப் பங்கு போட விடாதீர்கள்.

அருமைப் பட்டதாரிகளே, கற்றதை அன்றாட வேலையாக்குங்கள். உங்கள் வழிபாடு எதுவாயினும், வழிபாடே இல்லாவிட்டாலும், இன்றைய கடமையை இன்றே முடியுங்கள். உங்களை நம்பிய ஓர் உயிரைப் பசியோடு தூங்க விடாதீர்கள். அப்படி வாழ்ந்தால் இந்தப் பட்டத்துக்கும், அதை வாங்கித்தர உழைத்த உங்கள் வீட்டாருக்கும் நீங்கள் பெருமை சேர்ப்பீர்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

வாழ்க, வளர்க.