கோட்டையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து செல்லப் புறப்பட்ட பிரயாணி, கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கியதும் பயணம் முடிந்ததென்று எண்ணலாகாது. கட்டுநாயக்கா விமான நிலையம் வடக்கே ஏறக்குறைய 32 கிலோமீற்றர் தொலைவில் இருக்கின்றது.

2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அதிவேக நெடுஞ்சாலை, பேலியகொடையிலிருந்து கட்டுநாயக்காவை அரை மணி நேரத்திலே எட்டச் செய்துவிட்டது. ஆயினும் பேலியகொடையை அடைவதன்றோ கடினம்! புறக்கோட்டைச் சந்தைத் தெருக்களில் லொறிகளும், மூட்டை ஏற்றிய நாட்டாமைகளின் தள்ளுவண்டிகளும் வழியை அடைத்து நிற்கும். 187ஆம் இலக்கப் பஸ் வண்டியில் கட்டணம் குறைவு. பெரிய பெட்டிகளை வைக்க இடமும் குறைவு. வாடகை மோட்டார் வண்டியில் இடமுண்டு. நெரிசலுக்கு அதுவும் தப்பாது.

ஆகவே, ஜிந்துப்பிட்டியில் உறவினர் இல்லம் வாய்த்தவர்கள் முதல்நாளே வந்து தங்குவது நன்று. பெட்டிகளை அங்கேயே நிறுத்துப் பார்க்கலாம். பனாட்டும் மிளகாய்த்தூளும் அளவை மீறினால் வீட்டிலேயே குறைத்துக்கொள்ளலாம். விடியுமுன் புறப்பட்டால் சந்தை விழித்தெழுமுன் களனி ஆற்றைக் கடந்துவிடலாம்.

தூரத்தை மாத்திரம் கணக்கிடுபவர் விமானத்தைத் தவறவிடவுங்கூடும். புறக்கோட்டையின் தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிடுபவரோ, வழியனுப்ப வந்த தாயிடம் ஆறுதலாக விடைபெற்றுச் செல்வார்.