செப்புத் தகட்டில் மெய்ப்பாடு



உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலிலே புலப்படுவதை மெய்ப்பாடு என்பர் நம் இலக்கண நூலார். நகை, மருட்கை, வெகுளி முதலிய அம்மெய்ப்பாடுகளை, இரண்டு மூன்று அங்குல உயரமே உள்ள அச்சுப்படங்களில் அமைத்துக் காட்டினார் ஒல்லாந்து நாட்டு ஓவியர் றெம்பிராண்ட். அப்படங்களைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

உருவப்படம் ஒன்றின் முதல் நோக்கம், அதில் உள்ளவர் இன்னார் என்று காட்டுவதாகும். பொருள் கொடுத்துத் தம் படத்தை எழுதுவிக்கும் செல்வர், வாயைப் பிளந்து கூச்சலிடும் கோலத்தில் தம்மை எழுதுமாறு கேட்பதில்லை. ஆனால், 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தில் வேறொரு வகைப் படமும் வழங்கிற்று. அதனைத் 'துரோனி' என்பர். முகம் என்பதே அச்சொல்லின் பொருள். முகத்துக்கு உரியவர் யார் என்பதன்று, அம்முகத்தில் நிகழ்வது யாது என்பதே அங்கு கருதப்படுவது.

1606இல் லெய்டன் நகரிற் பிறந்த றெம்பிராண்ட், 1630இல் இத்தகைய படங்கள் சிலவற்றைத் தம் முகத்தையே கொண்டு ஆக்கினார். ஒன்றிலே சிரிக்கிறார், ஒன்றிலே புருவம் நெரித்துச் சினக்கிறார், ஒன்றிலே வாய் திறந்து அலறுகிறார். மற்றொன்றில், தொப்பி அணிந்த தலையோடு கண்களை அகல விழித்து வியந்து நிற்கிறார்.

அவர் கையாண்ட முறையும் இதற்கு ஏற்றதாய் இருந்தது. செப்புத் தகட்டின்மேல் மெழுகு கலந்த பூச்சைப் பூசி, ஊசியாற் கீறுவர். பூச்சு நீங்கிய கோடுகளில் மாத்திரம் அமிலம் செம்பை அரித்துப் பள்ளமாக்கும். அப்பள்ளங்களில் மையை நிரப்பி, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால், படம் இடம்வலம் மாறிப் பதியும். செம்பை உளியாற் குடைவதற்குக் கைவலிமை வேண்டும். ஊசியோ மெல்லிய பூச்சின்மேல் எழுதுகோல்போல் தடையின்றி ஓடும். ஆதலால், கணத்தில் தோன்றி மறையும் முகக்குறிப்பையும் அதனாற் பற்ற முடிந்தது.

அவரிடம் பயின்ற சாமுவேல் வான் ஹோக்ஸ்ட்ராட்டன், 1678இல் வெளியிட்ட நூலிலே, உணர்ச்சியைத் தீட்ட விரும்புவோன் கண்ணாடி முன் நின்று நடிகனும் தானே, காண்போனும் தானே ஆகவேண்டும் என்று அறிவுறுத்துகிறார்.

இப்பயிற்சியின் பயன் யாது? அதே 1630இல் றெம்பிராண்ட் செய்த வேறொரு படம் இதற்கு விடை தருகிறது. மண்மேடொன்றில் கந்தல் உடுத்த இரவலன் ஒருவன் கையேந்தி அமர்ந்திருக்கிறான். அவன் வாய் திறந்து கதறும் முகத்தை உற்று நோக்கினால், அது றெம்பிராண்டின் முகச்சாயலாகவே இருக்கிறது! கண்ணாடி முன் பழகிய அலறல், இங்கே பசித்தவனின் குரலாகிவிட்டது.

பிறர் துயரைத் தொலைவில் நின்று வரைதல் எளிது. அதனைத் தம் முகத்திலே முதலில் ஏற்றுப் பார்த்தார் இக்கலைஞர். அச்சிறு படங்கள் நூற்றாண்டுகள் பல கடந்தும் நம்மை நோக்கிப் பேசுவது அதனாலேயே என்பது என் துணிபு.