தொக்க உருபும் விடுபட்ட உள்ளீடும்



'ஆசிரியர் மாணவனுக்கு நூலைக் கொடுத்தார்.' இச்சொற்களை எவ்வாறு இடம் மாற்றினும் கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பது மாறாது. 'கு', 'ஐ' என்னும் உருபுகள் பொருளைக் காக்கின்றன. நாம் நாள்தோறும் வழங்கும் மலாய் மொழியில் நிலை வேறு. 'அலி மெஞ்சாரி சித்தி' என்னுமிடத்துப் பெயர்களை மாற்றி வைத்தால், தேடுபவர் தேடப்படுபவர் ஆகிவிடுவார். அங்கு இடமே வேற்றுமையை உணர்த்துகின்றது.

நிரல்மொழிகளில் இவ்விரு நெறிகளும் உள. பைத்தான் மொழியில் கோப்பைத் திறப்பதற்கு 'ஓப்பன்' என்னும் உள்ளமைந்த செயற்கூறு உண்டு. அதற்குரிய முதல் உள்ளீடு கோப்பின் பெயர். இரண்டாவது, படிக்கவா எழுதவா என்னும் முறை. மூன்றாவது, இடைநினைவகத்தைப் பற்றிய எண். நான்காவதே எழுத்துக் குறியாக்கம். முதலாவது ஒழிந்த ஏனையவற்றைத் தாராமலும் விடலாம். அப்போது மொழி தானே ஒரு மதிப்பைக் கொள்ளும். மூன்றாம் இடத்தில் 'யுடிஎஃப்-8' என எழுதினால், எண் வரவேண்டிய இடத்தில் சொல் வந்ததெனக் கணினி மறுக்கும். 'என்கோடிங்' என்னும் பெயரைச் சுட்டி எழுதினாலோ, அம்மதிப்பு உரிய இடத்தைத் தானே சென்றடையும். அப்பெயர் வேற்றுமை உருபின் பணியைச் செய்கின்றது.

அதனை எழுதாது விட்டால் என்னாகும்? பல விண்டோஸ் கணினிகளில் ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியாக்கமே இயல்பாகக் கொள்ளப்பட்டு வந்துள்ளது. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்ப் புள்ளி மூன்று பைட்டுகளால் ஆனது. அவற்றுள் இறுதியானதற்கு அப்பழைய அட்டவணையில் எழுத்தே இல்லை. ஆகவே, 'அம்மா' என்னும் சொல்லைக்கூடப் படிக்கவியலாது நிரல் நின்றுவிடும். ஆங்கிலக் கோப்பில் இக்குறை தோன்றாது. தம் மொழி கணினிக்கு ஒவ்வாது என மாணவர் எண்ணிவிட இடமுண்டு. குறை மொழியினது அன்று, விடுபட்ட உள்ளீட்டினது.

இந்நுட்பம் நம் இலக்கண மரபுக்குப் புதிதன்று. 'பால் குடித்தான்' என்பதில் 'ஐ' தொக்கு நின்றாலும் பொருள் தெளிவு. 'புலிகொல் யானை' என்பதிலோ கொன்றது புலியா, யானையா என்னும் ஐயம் எழுகின்றது. ஐயம் எழாவிடத்துத் தொகுக்கலாம். எழுமிடத்து விரித்தே உரைத்தல் வேண்டும்.

ஆசிரியர்களே, வேற்றுமைப் பாடம் நடத்தும்போது இவ்வொரு நிரல் வரியையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். மாணவர்களே, தமிழ்க் கோப்பைத் திறக்கும் போதெல்லாம் குறியாக்கத்தைப் பெயர் சுட்டி எழுதுங்கள். தொகுத்தற்குரிய இடத்தையும் விரித்தற்குரிய இடத்தையும் பகுத்தறிவதே இலக்கணக் கல்வியின் பயன்.